ஸ்பேனர் சேர்ந்தால் போதாது! பழைய டிராக்டருக்குப் போல்ட் தேடும்போது...

மாசி மாதத்தில் ஒரு நாள். மன்னார்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில், சம்பா நெல் மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நேரடி கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பியது ஒரு பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் 'மடார்' என்று ஒரு சத்தம். டிராக்டர் மேலே போய்விட்டது. டிரெய்லர் பின்னால் உருண்டது. சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்த பங்காளி ஒருவர், சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்ததால் தப்பித்தார். சைக்கிள் தப்பவில்லை.

டிராக்டரை ஓட்டிய விவசாயி இறங்கிப் பார்த்தார். டிரெய்லர் மாட்டும் கொக்கியைத் தாங்கும் பிராக்கெட், மொத்தமாகக் கழன்று டிரெய்லரோடு போயிருந்தது. அதைப் பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள். இரண்டு பழையவை, இரண்டு புதியவை. பழையவை இரண்டும் ஒடிந்திருந்தன. புதியவை ஒடியவில்லை, வளையவும் இல்லை. வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் இருந்த மரையைச் சுரண்டி எடுத்துக்கொண்டு முழுசாக வெளியே வந்திருந்தன. மரைக்கு நடுவே இரும்புத்தூள் அப்பிக் கிடந்தது.

அந்த இரண்டு புதிய போல்ட்டுகளை மாட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அப்பா வாங்கிய வண்டி

அந்த டிராக்டர் அவருடைய அப்பா வாங்கியது. அப்பா காலமான பிறகு புளியமரத்தடியில் மூன்று வருடம் நின்றது. மகன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது, புது டிராக்டர் வாங்கக் கையில் பணம் இல்லை, கடன் வாங்க மனமும் இல்லை. பழையதையே சரிசெய்வது என்று முடிவெடுத்தார். டீசல் பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்தார். பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், டயர் எல்லாம் மாற்றினார். கடைசியில் சிவப்புப் பெயின்ட்டும் அடித்தார். செலவுக்கெல்லாம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அதில் போல்ட், நட்டுக்கு என்று தனியாக ஒரு வரிகூட இல்லை. 'சில்லறைச் சாமான்' என்ற தலைப்பில் போயிருக்கிறது.

பிராக்கெட்டில் இரண்டு போல்ட் காணாமல் போயிருந்தன. மெக்கானிக், "நாலு நூல் போல்ட் ரெண்டு வாங்கிட்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். இவரும் போய்க் கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் இருந்த பழைய போல்ட்டுக்குப் போட்ட அதே 19-ஆம் நம்பர் ஸ்பேனர் இதற்கும் சரியாகச் சேர்ந்தது. நாலைந்து சுற்று சுலபமாக உள்ளே போனது. பிறகு இறுகியது. ஸ்பேனரில் பைப் மாட்டி ஏற்றிவிட்டார்கள். கையில் கிடைத்த இறுக்கத்தைப் பார்த்து, 'நல்லா பிடிச்சிருச்சு' என்று எல்லோருக்கும் திருப்தி.

விபத்துக்குப் பிறகு அந்த போல்ட்டுகளை எடுத்துக்கொண்டு வயதான லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் போனார். அவர் வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஸ்பேனர் சேர்ந்தா போல்ட் சேர்ந்துடுமா தம்பி?"

நூல் செய்கிற குழப்பம்

நம் பக்கத்துப் பட்டறையிலும் இரும்புக் கடையிலும் இன்றைக்கும் புழங்கும் அளவு 'நூல்'. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். ஆக, நாலு நூல் என்றால் 1/2 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். மூன்று நூல் என்றால் 3/8 அங்குலம், 9.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ரெண்டரை நூல் 5/16 அங்குலம், 8 மில்லிமீட்டருக்குத் துளி குறைவு.

மெட்ரிக் அளவு வந்த பிறகும் 'நூல்' என்ற பேச்சு போகவில்லை. வீடு கட்டுகிறவர்கள் 12 மில்லிமீட்டர் கம்பியைத்தான் நாலு நூல் கம்பி என்கிறார்கள், 10 மில்லிமீட்டரை மூன்று நூல் என்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் புதைகிற கம்பிக்கு இந்தப் பேச்சு வித்தியாசத்தால் பெரிய கெடுதல் இல்லை. போல்ட்டுக்கு உண்டு. 'நாலு நூல்' என்று கேட்டால், ஒரு கடையில் 1/2 அங்குல போல்ட் வரும். இன்னொரு கடையில் 12 மில்லிமீட்டர் போல்ட் வரும். யாரும் பொய் சொல்லவில்லை. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

இதில் ஸ்பேனரும் சேர்ந்து ஏமாற்றுகிறது. 1/2 அங்குல போல்ட்டின் தலை பொதுவாக 3/4 அங்குல அகலம். அது மில்லிமீட்டரில் 19.05. சந்தையில் நிறையக் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 19 மில்லிமீட்டர். (இப்போது வரும் சில போல்ட்டுகளில் 18.) ஒரே ஸ்பேனர் இரண்டுக்கும் போடும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று யாருக்குத்தான் தோன்றாது? 5/16 போல்ட்டுக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் இதே கதைதான். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் இரண்டிலும் உட்காரும், ஒன்றில் லேசாக ஆடும்.

ஆனால், மரை வேறு. 1/2 அங்குல சாதா மரையில் ஓர் அங்குலத்துக்கு 13 மரை இருக்கும். 12 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.75 மில்லிமீட்டர். அங்குலக் கணக்கில் பதினான்கரை மரை. முதல் சில சுற்றுகள் ஏறும், ஏனென்றால் போல்ட் மெலிந்தது, ஓட்டை பெரியது. அதற்குப் பிறகு மரை ஒன்றோடொன்று ஏறி மோதி அறுக்கத் தொடங்கும். கையில் தெரிகிற இறுக்கம் அந்த அறுப்பின் இறுக்கம்தான். பிராக்கெட்டை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் இல்லை. மரை ஒன்றுக்குள் ஒன்று பதிகிற ஆழத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. மன்னார்குடி டிராக்டரில் நடந்தது இதுதான். புதியவை இரண்டும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தன. பழையவை இரண்டும் நான்கு போல்ட்டின் சுமையைத் தாங்கித் தாங்கி, பால ஏற்றத்தில் ஒடிந்தன.

எந்த வண்டியில் எந்த மரை?

சென்னையில் டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் கூட்டுடன் 1960-இல் தொடங்கப்பட்டது. வடிவமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் போல்ட் பிரிட்டன் இயந்திரத்தில் சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-இல் பொதுவான ஓர் அங்குல மரையை ஏற்றுக்கொண்டன. அதற்கு யுனிஃபைடு மரை என்று பெயர். சாதா மரை யு.என்.சி., நெருக்கமான மரை யு.என்.எஃப். அந்தக் காலத்து மாஸி போன்ற பிரிட்டிஷ் வழி டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டும்தான். செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் வழி வந்த எச்.எம்.டி., ஜெர்மனி வழி வந்த ஐஷர் போன்றவை மெட்ரிக் மரை கொண்டவை.

இதைவிடப் பழைய இங்கிலாந்து ஆயில் இன்ஜின், பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவற்றில் விட்வொர்த் மரை இருக்கலாம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்தது. அதன் மரைக்கோணம் 55 டிகிரி. யுனிஃபைடும் மெட்ரிக்கும் 60 டிகிரி. 3/8 அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் ஒரே 16 மரை என்பதால் ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், பிடிப்பு மட்டும் அரைகுறை. 1/2 அங்குலத்தில் விட்வொர்த்துக்கு 12 மரை, யு.என்.சி.க்கு 13. அது ஓரிரு சுற்றிலேயே சிக்கும். சிக்குவதே நல்லது. ஏறிவிடுகிற தப்பான போல்ட்தான் ஆபத்து.

வண்டியின் பெயரை மட்டும் நம்பியும் இருந்துவிட முடியாது. முப்பது, நாற்பது வருடம் ஓடிய டிராக்டரில் எத்தனை கை பட்டிருக்கும்! ஆல்டர்னேட்டர் மாற்றியிருப்பார்கள், பம்ப் மாற்றியிருப்பார்கள், தேய்ந்த ஓட்டையில் வேறு அளவு டேப் அடித்திருப்பார்கள். அங்குல வண்டியில் நாலு இடத்தில் மெட்ரிக் இருப்பது சகஜம். ஒவ்வோர் ஓட்டையையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

பட்டறையில் மரை கேஜ் இருக்கும். கத்தி மாதிரி விரியும் தகடுகள். சரியான தகடு மரைக்குள் வெளிச்சம் தெரியாமல் உட்காரும். கேஜ் இல்லையென்றால், இரும்பு ஸ்கேலை போல்ட் மீது வைத்து ஓர் அங்குலத்துக்குள் எத்தனை மரை என்று எண்ணலாம். 13 வந்தால் 1/2 யு.என்.சி., 20 வந்தால் 1/2 யு.என்.எஃப். 12 மில்லிமீட்டர் சாதா மரை என்றால், 20 மரைக்குச் சரியாக 35 மில்லிமீட்டர் வரும். போல்ட் குட்டையாக இருந்தால் எண்ணிக்கை தப்பும். அப்போது அளவு தெரிந்த ஒரு போல்ட்டைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். ஒரே மரையாக இருந்தால் நெடுக ஒன்றுக்குள் ஒன்று பதியும். வேறாக இருந்தால் நாலைந்து மரைக்கு மேல் விலகிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். காசு செலவில்லாத சோதனை இது.

ஸ்டட் என்கிற இருபக்க மரைத் தண்டில் ஒரு சூட்சுமம் உண்டு. வார்ப்பிரும்புக்குள் போகும் முனையில் சாதா மரையும், நட்டு ஏறும் முனையில் நெருக்கமான மரையும் வைப்பது பழைய இயந்திரங்களில் வழக்கம். வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மை கொண்டது, அதற்குப் பெரிய மரைதான் ஏற்றது. வெளியே தெரியும் முனையை மட்டும் அளந்து கடைக்குப் போனால், உள்ளே ஏறாத ஸ்டட்டோடு திரும்பி வர வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் முதல் தேவை, பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாமல் இருப்பது. வண்டியைப் பிரிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே டீசல் சட்டியில் போடுவதுதான் நம் வழக்கம். அதற்குப் பதிலாக, ஓர் அட்டையில் அந்தப் பாகத்தின் படத்தைக் கோணல்மாணலாக வரைந்தாலும் பரவாயில்லை, போல்ட்டை அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகிவைக்கலாம். நீளம் மாறாது, இடம் மாறாது. துருப்பிடித்து ஒடிந்த போல்ட்டாக இருந்தாலும் அதன் துண்டு ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

அளவும் மரையும் சரியாக அமைந்தாலும் வேலை முடியவில்லை. போல்ட்டின் வலு அதன் தலையில் எழுதியிருக்கும். மெட்ரிக் போல்ட்டில் 4.6, 8.8, 10.9 என்று எண் இருக்கும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 80 கிலோ இழுவை வரை அறாமல் தாங்கும். 4.6 என்றால் 40 கிலோதான். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி, வலுவில் ஒன்று மற்றதில் பாதி. கேட்டுக்கும் கூரைத் தகட்டுக்கும் 4.6 போதும்.

அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும். மூன்று கோடு என்றால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. கோட்டோடு இரண்டைக் கூட்டினால் கிரேடு வந்துவிடும். கிரேடு 5 ஏறக்குறைய 8.8-க்குச் சமம், கிரேடு 8 ஏறக்குறைய 10.9-க்குச் சமம். தலை மொட்டையாக இருந்தால் அது சாதா இரும்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். எண் மட்டும் இருந்து, தயாரித்த நிறுவனத்தின் குறி இல்லாத போல்ட்டையும் நம்ப வேண்டாம்.

ஸ்டியரிங், பிரேக், சக்கரம், கொக்கி, மூன்று முனை இணைப்பு, இந்த இடங்களில் கம்பெனி எந்த வலுவில் போட்டதோ அதற்குக் குறையாமல்தான் போட வேண்டும். பளபளவென்று இருக்கிறதே என்று துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டைச் சிலர் இங்கே மாட்டுகிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் அந்த போல்ட்டின் வலு 8.8-ஐ விடக் குறைவு. மேலும், அதே ஸ்டீல் நட்டோடு எண்ணெய் இல்லாமல் இறுக்கினால் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு கழற்றவும் வராது. நம்பர் பிளேட்டுக்கு வேண்டுமானால் போடலாம். வலுவான போல்ட் கழலாமல் இருக்கட்டும் என்று தலையில் வெல்டிங் வைப்பதும் தப்பு. சூடு பட்டால் அதற்குக் கொடுத்த பதம் போய்விடும். பிறகு தலையில் என்ன எண் எழுதியிருந்து என்ன பயன்?

நீளம் முழுக்க மரை வெட்டிய போல்ட்டுக்கும் பாதி வழவழப்பாக உள்ள போல்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு. பக்கவாட்டில் வெட்டுச் சுமை விழும் இடத்தில் வழவழப்பான பகுதிதான் நிற்க வேண்டும். மரைப் பள்ளத்தில் போல்ட்டின் கனம் குறைவு, அங்கேதான் அறும்.

நீளத்தை ஒரு நூல் கூடக் குறைய எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்புக்குள் போல்ட்டின் கனத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரை ஏற வேண்டும். நாலு நூல் போல்ட் என்றால் ஆறு நூல் ஆழம். நீளம் அதிகமானாலும் ஆபத்துதான். அடி மூடிய ஓட்டையில் போல்ட் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியதாகத் தெரியும், பாகம் இறுகியிருக்காது. அந்த ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை ஏற்றினால், அழுத்தம் போக வழியில்லாமல் ஹவுசிங்கே விரிசல் விடும். கம்பியால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே ஏற்ற வேண்டும். எந்த போல்ட்டும் கடைசி வரை கையாலேயே சுற்றி ஏற வேண்டும். ஸ்பேனர் இறுக்குவதற்கு மட்டும்.

போன மரையை மீட்டது

மன்னார்குடி விவசாயிக்கு இன்னும் மிச்சம் இருந்தது. ஓட்டைகளில் இரண்டு மொட்டையாகிவிட்டன, இரண்டில் ஒடிந்த துண்டுகள் சிக்கியிருந்தன. "பெரிசா துளைச்சு 14 போட்டுக்கலாமே அண்ணே" என்று கேட்டார். செய்யலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால், பிராக்கெட்டின் ஓட்டையையும் பெரிதாக்க வேண்டும். சுற்றியுள்ள வார்ப்பிரும்பின் கனம் குறையும். இன்னொரு தடவை போனால் அதற்கு மேல் வழியில்லை.

பட்டறைக்காரர் வேறு வழி சொன்னார். மொட்டையான ஓட்டையைச் சற்றே பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப் அடித்து, ஸ்பிரிங் போன்ற ஸ்டீல் மரைச் சுருளை உள்ளே ஏற்றுவது. சுருளின் உட்பக்கம் பழைய 1/2 அங்குல யு.என்.சி. மரையாகவே இருக்கும். கம்பெனி போட்ட அதே போல்ட் மீண்டும் சேரும். சுருளுக்கும் அளவும் மரையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். ஒடிந்த துண்டுகளின் மேல் நட்டு ஒன்றை வைத்து, நடுவில் வெல்டிங் வைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து எடுத்தார்கள். ஒன்று அரை மணி நேரத்தில் வந்தது. மற்றொன்றுக்கு ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றி ஊறவைக்க வேண்டியிருந்தது.

போல்ட் தேடியது தனிக் கதை. ஊர்ப்பக்கம் இரண்டு கடையில் மெட்ரிக் மட்டுமே. ஒரு கடையில் அங்குல போல்ட் இருந்தது, தலை மொட்டை. காயலான் கடையில் பிரித்துப்போட்ட மாஸியின் போல்ட்டுகள் சாக்கு நிறையக் கிடந்தன. பழைய போல்ட் வாங்குவது தப்பில்லை. ஆனால், நட்டு ஒன்றைக் கையால் கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் நட்டு இறுகினால் அந்த போல்ட் இழுபட்டு நீண்டிருக்கிறது. கழுத்து மெலிந்தது, வளைந்தது, தலையடியில் துரு அரித்தது எதுவும் ஆகாது. கொக்கிக்குப் பழைய போல்ட்டே வேண்டாம் என்று பட்டறைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், சென்னை போன உறவினர் மூலம் புதுப்பேட்டையில் விசாரித்து, மூன்று கோடு போட்ட 1/2 அங்குல யு.என்.சி. போல்ட் நான்கும் அதற்கான வாஷரும் வாங்கி வரச்செய்தார். மறக்காமல் ஒடிந்த பழைய போல்ட் ஒன்றையும் மாதிரிக்குக் கொடுத்து அனுப்பினார். ஊரில் கேட்டு அலைகிறவர்கள், டிராக்டர் கம்பெனியின் உதிரிபாகக் கடையில் பாக எண் சொல்லிக் கேட்டால் சில அளவுகள் இன்னும் கிடைக்கும்.

ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக்குச் சேற்றுழவு ஆரம்பித்துவிடும் என்பதால், வைகாசி முடிவதற்குள் வேலையை முடித்தார். மாட்டி முதல் நாள் ஓடியதும் நான்கையும் மறுபடி இறுக்கிப் பார்த்தார். சக்கர நட்டுகளையும் அப்படியே பார்த்தார். அவற்றில் சில, கூம்புப் பக்கம் வெளியே பார்க்கும்படி தலைகீழாக மாட்டப்பட்டிருந்தன. கூம்பு டிஸ்க்கின் பக்கம்தான் இருக்க வேண்டும். அதையும் திருப்பி மாட்டினார். ஹவுசிங்கில் யாரோ முன்பு மெட்ரிக் மரை அடித்துவைத்த மூன்று ஓட்டைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். பங்காளிக்குப் புது சைக்கிள் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அந்தச் செலவு கணக்கு நோட்டில் 'போல்ட் 2' என்ற தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது.